படுப்பவரை எண்ணி நெய்த பாய்

ஆழ்வார்திருநகரியைத் தொட்டுக் கடலை நோக்கிச் செல்லும் தாமிரபரணி, மேற்கே சேரன்மகாதேவியை அடுத்த பத்தமடையில் ஓர் அரிய கைத்தொழிலை வளர்த்தது. ஆற்றங்கரையில் விளையும் கோரையைக் கொண்டு பாய் நெய்யும் அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள் அவ்வூர் லெப்பைக் குடும்பத்தினர். அவர்களுள் பெண்களின் உழைப்பே பெரிது.

வாங்குபவரின் தேவையை அறிந்தே பொருளை உருவாக்க வேண்டும் என்பது இன்றைய வணிகக் கல்வியின் பாடம். பத்தமடையார் அதனைத் தறியிலேயே கற்றிருந்தனர்.

அன்றாடம் படுக்கப் பாய் தேடியவருக்கு அது விலை மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் இருத்தல் வேண்டும். அவருக்கெனத் தடித்த கோரையில் முரட்டுப் பாய் நெய்தனர். திருமண வீட்டாரின் தேவை வேறு. அவர்களுக்கெனக் கோரையை ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, அது பருத்ததும் மெல்லிய இழைகளாகக் கீறி, பருத்தி நூற்பாவில் நெய்தனர். பாவு நெருங்க நெருங்கப் பாயின் நயம் கூடும். 100 முதல் 140 எண் வரையிலான அப்பாய், துணிபோல் மடியும்; ‘பட்டுப்பாய்’ என்றே பெயர் பெற்றது.

மணமக்களின் பெயர்களையும் மணநாளையும் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கமும் உண்டு. அவ்வாறு நெய்த பாயை வேறொருவருக்கு விற்க இயலாது. சொன்ன சொல்லை நம்பியே நெசவாளர் பல வாரங்கள் உழைக்க வேண்டும்.

பின்னர் வந்த பிளாஸ்டிக் பாயும் ஒரு தேவையை நிறைவேற்றவே செய்தது: விலை குறைவு, கழுவுவது எளிது. முரட்டுப் பாயின் இடத்தை அது எளிதில் பிடித்துக்கொண்டது. பத்தமடையாரும் காலத்திற்கேற்பக் கைப்பை, மேசை விரிப்பு முதலியவற்றை நெய்யலாயினர். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. எனினும், பல வார உழைப்பிற்கு ஈடான விலை கிட்டாவிடில் அடுத்த தலைமுறை தறியில் அமராது.

விற்கும்போதும் வாங்கும்போதும் பெருந்தன்மையுடன் நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் இறையருளை வேண்டியுள்ளார்கள். விற்பவரின் கடமையைப் பத்தமடையார் நிறைவேற்றி வந்துள்ளனர். வாங்குபவரின் கடமை நம்முடையது. நம் இல்லத்து அடுத்த நிக்காஹிற்கு ஒரு பாயை முன்கூட்டியே நெய்யச் சொல்வோம். அதன் விலையைப் பேரம் பேசிக் குறைக்காமல் கொடுப்போம்.