தம்படமும் தடுமாறும் காலடியும்



1839ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ராபர்ட் கொர்னிலியஸ் தம் குடும்பத்தாரின் விளக்குக் கடையருகே படக்கருவியை நிறுத்தித் தம்மைத் தாமே படமெடுத்தார். அக்காலக் கருவியில் ஒளி பதிய நேரம் பிடித்தது. ஆதலால் அவர் அசையாது இருந்தார். இன்று செல்ஃபி எனப்படும் தம்படத்திற்கு அதுவே முன்னோடி.

இன்றோ ஒரு நொடி போதும், நடந்துகொண்டே எடுக்கலாம். திரையை நோக்கும் கண் காலடியை நோக்குவதில்லை. 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை வெளிவந்த செய்திகளைத் திரட்டிய இந்திய ஆய்வாளர்கள், தம்படம் எடுக்கையில் உலகெங்கும் 259 பேர் மாண்டதாக 2018இல் தெரிவித்தனர். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 23. நீரில் மூழ்குதல், ஊர்திகளில் அடிபடுதல், உயரத்திலிருந்து விழுதல் ஆகியவையே முதன்மைக் காரணங்கள்.

ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவில், அருவியருகே கூட்டுத் தம்படத்திற்காக, "இன்னும் சற்றுப் பின்னே செல்லுங்கள்" என்று மாணவர்களிடம் கூறியவன் நானே. ஒருவனுக்குப் பாறையில் கால் வழுக்கியது. நல்லவேளையாக அருகிலிருந்தவன் கையைப் பற்றினான். அன்றுமுதல் என் வகுப்பில் ஒரே விதி: "முதலில் நில், சுற்றிலும் பார், பிறகு எடு, எடுக்கையில் நகராதே."

அன்று கருவி கற்பித்த நிதானத்தை இன்று நாம்தாம் கற்பிக்க வேண்டும். முதலில் நாம் கடைப்பிடித்து.