வேலையிழந்த வேட்டை நாய்

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் செல்லும் வீதியோரம், ஒரு மரமுந்திரித் தோட்டத்து வீட்டில் சில ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். ஒருபுறம் களப்பும் கடலும். மறுபுறம் வில்பத்துக் காடு. முப்பது ஆண்டுகளைக் கொழும்பின் பத்திரிகை அலுவலகங்களிற் கழித்தவனுக்கு இந்த அமைதி பெரிய வரம். அதைக் குலைக்க வந்தவன் வீரன். நண்பரொருவர் வெளிநாடு செல்கையில் என்னிடம் ஒப்படைத்துச் சென்ற பீகிள் இன நாய்.

பீகிள் உருவிற் சிறியது. தோளுயரம் நாற்பது சென்ரிமீற்றருக்கு மேற்படுவது அரிது. ஆயினும் இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தெடுக்கப்பட்ட இனம் அது. கூட்டமாக மோப்பம் பிடித்து ஓடும். வேட்டைக்காரர்கள் கால்நடையாகப் பின்தொடர்வர். சளைக்காமல் ஓடுவதும், தான் நிற்கும் இடத்தை நீண்ட குரலால் அறிவிப்பதுமே அதன் தொழில்.

வீரன் அத்தொழிலை மறக்கவில்லை. ஒருநாள் மாலை, வேலிக்கடியால் நுழைந்து முயலொன்றைத் துரத்திச் சென்றான். அவன் குரல் தூரத்தில் தேய்ந்து, பின் சட்டென்று நின்றது. ரோர்ச் வெளிச்சத்தில் இரண்டு மணிநேரம் தேடினோம். யாரோ காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் அவனது முன்னங்கால் சிக்கியிருந்தது. கால் பிழைத்தது. மறுநாள் முதல் அவனைச் சங்கிலியிற் கட்டினேன். அவன் ஊளையிட்டான்; மண்ணைக் கிளறினான்; உணவைக் குறைத்தான். இரண்டு வாரம் சென்றபின் மனைவி கேட்டாள்: "அவன் என்ன பிழை செய்தான் எண்டு கட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

பதில் தெரியாதபோது பழைய நூல்களைப் புரட்டுவது என் வழக்கம். அப்போதுதான் ஒன்றை உணர்ந்தேன்: இக்கரையின் மிகப் பழைய கதையே ஒரு நாயோடுதான் தொடங்குகிறது. விஜயனும் எழுநூறு தோழரும் தம்பபண்ணியில் இறங்கியபோது, குவேனியின் பணிப்பெண்ணான யக்கினி ஒருத்தி பெண்நாய் வடிவில் அவர்கள்முன் தோன்றினாள் என்கிறது மகாவம்சத்தின் ஏழாம் அதிகாரம். நாய் இருந்தால் ஊர் இருக்கும் என்று எண்ணி, விஜயன் தடுத்தும் கேளாமல், ஒருவன் அதன் பின்னே போனான். தம்பபண்ணி எது என்பதில் ஆய்வாளர் ஒருமித்த கருத்துடையவரல்லர். வில்பத்துக் கரையில் செம்மண் படர்ந்த குதிரைமலையே அது என்போர் பலர். அக்கதை புராணமாகவே இருக்கட்டும். மனிதனின் அடையாளமாக அது காட்டுவது நாயை என்பதே எனக்கு முக்கியம்.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய உரோம அறிஞர் பிளினி, அன்னியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஊழியர் ஒருவர் காற்றில் அடிபட்டு இத்தீவின் துறைமுகமொன்றை அடைந்ததைச் சொல்கிறார். அத்துறையின் பெயர் குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒத்திருப்பதால், அதுவும் குதிரைமலையே எனக் கருதப்படுவதுண்டு. இத்தீவு மக்கள் திருநாட்களை வேட்டையிற் கழிப்பர் என்றும் பிளினி எழுதுகிறார்.

பின்னர் வந்த வெள்ளையருக்கு வேட்டை ஒரு பொழுதுபோக்கு. நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டத்துடன் மரை வேட்டையாடிய அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த நாய்கள் பல இங்கு மடிந்தன. நோய் தின்றவை போக, சிறுத்தையும் பன்றியும் கொன்றவையும் உண்டு. நாய்களின் பெயரையும் குணத்தையும் அன்போடு விவரிக்கும் அவரே, தம் ஆசைக்காக அவற்றைச் சாவுக்கு அனுப்பினார்.

வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. அது சரியான முடிவு. மரைக்கும் முயலுக்கும் வாழ உரிமையுண்டு. ஆனால் சட்டம் வேட்டையை நிறுத்தியதே தவிர, நாயின் இரத்தத்தில் நாம் ஊட்டிய ஓட்டத்தை நிறுத்தவில்லை. பல நூற்றாண்டு உழைத்து அவ்வேகத்தை உருவாக்கியவர்கள் நாம். தேவை முடிந்ததும் அதையே குற்றமாக்கிச் சங்கிலி போடுகிறோம்.

அமெரிக்கர் வேறு வழி கண்டனர். 1984 முதல் அவர்களின் விமான நிலையங்களில் பயணிகளின் பொதிகளிலுள்ள பழங்களையும் இறைச்சியையும் மோப்பம் பிடித்துக் காட்டுபவை பீகிள் நாய்களே. முயலைத் தேடிய மூக்குக்கு அங்கே புதிய உத்தியோகம் கிடைத்தது.

என்னிடம் விமான நிலையம் இல்லை. ஒரு நீண்ட கயிறு இருக்கிறது. இப்போது நாள்தோறும் விடியுமுன் வீரனுடன் களப்புக் கரையில் ஐந்து கிலோமீற்றர் நடக்கிறேன். பழைய துணியொன்றிற் கருவாட்டைச் சுற்றி, மாலையில் மரமுந்திரிகளிடையே ஒளித்து வைக்கிறேன். அவன் அதைத் தேடிக் கண்டுபிடித்து, தோட்டம் அதிரக் குரல் கொடுக்கிறான். உணவும் பழையபடி இறங்குகிறது. காலில் தழும்பு மட்டும் மாறவில்லை.

சங்கிலி இன்னும் திண்ணை ஆணியில் தொங்குகிறது. மனைவி அதைக் கழற்றி எறியச் சொல்கிறாள். சுருக்கு வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே என்ற அச்சத்தில் நான் எறியவில்லை.