மலைநாட்டுப் பாடகரும் அவர் விட்டுச்சென்ற பாட்டுக்களும்

தமிழர்தம் பாட்டு ஏட்டிலே மட்டும் வாழ்ந்ததன்று. தொல்காப்பியனார் செய்யுளியலிற் பண்ணத்தி என்னும் பாட்டு வகைக்கும் இடமளித்தார். இளங்கோவடிகள் அம்மானை, ஊசல், வள்ளைப் பாட்டு ஆகியவற்றைத் தம் காப்பியத்துள் ஏற்றினார். அங்ஙனமிருந்தும், ஈழத்துத் தமிழிலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோருட் பலர் யாழ்ப்பாணத்துப் புலவரையும் மட்டக்களப்புப் புலவரையும் தேடினரேயன்றி, மத்திய மலைநாட்டிற் பாடித் திரிந்தாரை நெடுங்காலம் நோக்கினாரல்லர். அப்பாடகர் யாவர், அவர் பாடியவை யாவை, அவை மறக்கப்பட்டமைக்குக் காரணம் யாது என்பனவே ஈண்டு ஆராயத்தக்கன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கோப்பிப் பயிர்ச்செய்கை பெருகியபொழுது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மாத்தளைக்கு நடந்தவர்களுட் பலர் நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். 1867 ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டளவிற் கோப்பியை இலைநோய் பற்றியது. கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை கொண்டது. பயிர் மாறியதாயினும் உழைப்பாளர் வாழ்வு மாறவில்லை.

அம்மக்கள் கொண்டுவந்த பொருள் சிறிது, பாட்டோ பெரிது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி என்பனவும் காமன் கூத்துப் பாடல்களும் அவர்களுடன் மலையேறின. ஏறியபின் அவற்றின் பொருள் புதிதாயிற்று. வயலும் வரப்பும் நின்ற இடத்திற் கொழுந்துக் கூடையும் லயமும் புகுந்தன. விடியலில் தப்பொலி கேட்டுப் பெரட்டுக் களத்திற் கூடுவதும், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் விழுவதும், துரையின் சினமும் கணக்கப்பிள்ளையின் கடுமையும் பாட்டின் பொருள்களாயின. இவற்றை முதலிற் பாடியவர் பெயரை எவரும் எழுதிவைத்திலர்.

இங்கே மாறுபட்ட ஒரு நூலை ஒப்புநோக்குதல் பயன்தரும். 1869 ஆம் ஆண்டிலே ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. காடு வெட்டுதல் முதலாகக் கோப்பித் தோட்ட வேலைகளை விளக்கும் அந்நூல், தோட்ட முதலாளிமாரின் முயற்சியைப் போற்றும் நோக்குடையது. உழைப்பாளர் ஆடிப்பாடும் கும்மி வடிவமே அதற்குக் கருவியாயிற்று. ஆளும் தரப்பின் கும்மி அச்சேறி நூல்நிலையம் புகுந்தது. ஆளப்பட்டோர் கும்மியோ காற்றிலே நின்றது. இவ்வேற்றுமை பாட்டின் தரத்தால் விளைந்ததன்று. அச்சுக்கூடம் யார் கைக்கெட்டியது என்பதனால் விளைந்ததேயாம்.

இந்நிலையை மாற்றியவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் மீனாட்சி அம்மையார். இவர் தொழிற்சங்க முன்னோடியும் பத்திரிகையாளருமாகிய கோ. நடேசய்யரின் துணைவியார். நடேசய்யர் 1931 ஆம் ஆண்டில் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். 1936 ஆம் ஆண்டில் அத்தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். அவர் கூட்டங்களில் அம்மையார் பாரதியார் பாடல்களையும் தாமே இயற்றிய பாடல்களையும் பாடுவார். எழுத்தறியாத மக்களுக்குச் சொற்பொழிவு ஒருநாட் செய்தி. மெட்டோடு கேட்ட பாட்டோ மலையிலும் லயத்திலும் திரும்பத் திரும்ப ஒலிப்பது. இதனை அம்மையார் நன்குணர்ந்திருந்தார்.

1939 ஆம் ஆண்டில் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியர் ஆயிரக்கணக்கில் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். அதனையடுத்து 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அம்மையாரின் பாடல் நூல் வெளிவந்தது. அரசியல் உரிமையைப் பொருளாகக் கொண்டு, பாமரர் பாடத்தக்க மெட்டிலே, ஒரு பெண்மணி பாடிய அப்பாடல்கள் ஈழத்துப் பாட்டு வரலாற்றில் தனியிடம் பெறுதற்குரியன. ஆயினும் நடேசய்யரின் பெயர் அறிந்த அளவுக்கு அவர் பெயர் அறியப்படவில்லை.

அம்மையாரையன்றி வேறு பாடகரும் அக்காலத்தும் பின்னரும் தோன்றினர். கோவிந்தசாமித் தேவர், ஜில் சுல்தான், ஜப்பார் முதலியோர் அவருட் சிலர். இத்தகையோர் தாமே பாட்டெழுதி, சிறு பிரசுரங்களாக அச்சிட்டு, மக்கள் கூடுமிடங்களிற் பாடி, சில சதங்களுக்கு விற்றனர். மக்கள் நாவிற் பழகிய மெட்டுக்களிலேயே அவர் பாட்டுக்கள் அமைந்தன. 1940 ஆம் ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்டத்துப் போராட்டத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரால் சுட்டுக்கொல்லப்பட்டமை போன்ற நிகழ்ச்சிகள் நடந்த காலம் அது. பத்திரிகை எட்டாத லயங்களுக்குச் செய்தி பாட்டாகவே சென்றது.

இப்பாட்டுக்கள் மறைந்தமைக்குக் காரணங்கள் மூன்று. மெல்லிய தாளில் அச்சிட்ட பிரசுரங்களைப் பேணுவார் இலர் என்பது ஒன்று. இலக்கணம் வழுவியவை என்று கற்றோர் அவற்றைத் தள்ளினர் என்பது மற்றொன்று. மூன்றாவது, பாடிய மக்களே சிதறுண்டமை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவராகப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன, பாட்டறிந்த முதியோர் பலர் கப்பலேறினர். எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

இங்கே ஓருண்மை சிந்திக்கத்தக்கது. குடியுரிமை கேட்டவரிடம் இந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுமாறு அரசு கேட்டது. பத்திரம் வைத்திராத மக்களிடம், தோட்டத்தின் பெயரும் கங்காணியின் பெயரும் மாண்டோர் துயரும் நிறைந்த பாட்டு இருந்தது. சட்டத்தின் கண்ணில் அது சான்றாகவில்லை. வரலாற்றாசிரியன் கண்ணிலோ அதனினும் சிறந்த சான்று பிறிதில்லை. தோட்டக் கணக்கேடு எத்தனை பேர் வேலை செய்தனர் என்பதைச் சொல்லும். அவர் எங்ஙனம் வாழ்ந்தனர் என்பதைப் பாட்டே சொல்லும்.

இவ்வுண்மையை உணர்ந்து தொகுப்புப் பணியில் இறங்கியவர், தோட்டத்திலே பிறந்து 1947 இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியான சி. வி. வேலுப்பிள்ளை. அவரது 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர்ச் சாரல் நாடன் தம் ஆய்வுகளால் மீனாட்சி அம்மையார் முதலிய பாடகரை மீண்டும் அறிமுகஞ் செய்தார்.

எனினும் தொகுக்கப்பட்டவை ஒரு பகுதியே. சொல்லை மட்டும் எழுதினால் மெட்டு மறையும். மெட்டை மட்டும் பதிந்தால் பாடியவர் பெயர் மறையும். சொல், மெட்டு, பாடியவர், தோட்டம், காலம் என்னும் ஐந்தையும் ஒருங்கே குறித்தல் வேண்டும். மலைநாட்டிலிருந்து வந்து பயிலும் மாணவன் ஒவ்வொருவனும் தன் பாட்டியிடம் கேட்டு ஒரு பாட்டையேனும் இவ்வாறு எழுதிவருவானாயின், அது வரலாற்றுக்கு ஒரு புதிய ஏடாகும். பாடியோர் பெயரை முன்னோர் எழுதத் தவறினர். பாட்டி வாழும்பொழுதே அதனை எழுதிவைத்தல் இன்றுள்ளார் கடன்.