ஹெரால்டுக்கு எண்ணெய் ஊத்தின கதை

போன சனிக்கிழமை ஆபீஸ்ல ஆணி எதுவும் இல்லை. காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டு குடுத்து, முன்சக்கரத்துக்குப் பின்னாடி தலையை விட்டு உட்கார்ந்திருந்தேன். வாக்கிங் போன எதிர்வீட்டுப் பெரியவர் நின்னு பார்த்தார்.

"ஹெரால்டா? என்ன சார் ரிப்பேர்?"

"ரிப்பேர் இல்லை சார். எண்ணெய் ஊத்தறேன்."

"எஞ்சினுக்கு ஊத்தணும்னா அங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?"

நியாயமான கேள்வி. அவருக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

மூணு வருஷம் முன்னாடி இந்த வண்டியை வாங்கினேன். 1966 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு. அதுவரைக்கும் ஸ்பேனர் பிடிச்சது கேஸ் சிலிண்டர் ரெகுலேட்டருக்கு மட்டும்தான். வண்டி வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப தங்கமணி சொன்னது ஒரே வரி: "உங்களுக்கு மரை கழண்டு போச்சு." அந்த மரை சமாச்சாரம் பின்னாடி வருது. ஞாபகம் வெச்சுக்கோங்க :-)

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாம்.

ஹெரால்டு நம்ம ஊர்க் கார். பெருங்களத்தூர்ல செஞ்சாங்க. 1948-ல் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1950-களின் தொடக்கத்தில் வான்கார்டு கார் வந்தது. அப்புறம் ஸ்டாண்டர்டு எய்ட், டென். அந்தக் காலகட்டத்தில்தான், உள்நாட்டில் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத கார் கம்பெனிகள் கடையைக் கட்டலாம் என்று இந்திய அரசாங்கம் 1953-ல் முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிப் போனார்கள். மிச்சம் இருந்த சில பேரில் கல்கத்தா பக்கம் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸில் ஸ்டாண்டர்டு. 1961-ல் இங்கே ஹெரால்டு வந்தது. 948 சிசி எஞ்சின், சுமார் 35 குதிரைசக்தி.

இந்த ஹெரால்டு பிறந்த கதை சுவாரசியமானது. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு கார் பாடி செஞ்சு குடுத்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனி. 1953-ல் அதை பி.எம்.சி. வாங்கிட்டாங்க. பி.எம்.சி. யாருன்னா ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்த கூட்டணி, ஸ்டாண்டர்டுக்கு நேர் போட்டி. (அவங்களோட மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் நம்ம ஊர் அம்பாசிடர்.) போட்டிக்காரன் கையில பாடி செய்யற ஆலை போயிட்டா அடுத்த மாடலுக்கு யார்கிட்ட போய் நிக்கறது?

அப்போ மத்த எல்லாரும் சேசிஸே இல்லாம, மொத்த பாடியையும் ஒரே கூடா வெல்டு பண்ற முறைக்கு மாறிட்டிருந்தாங்க. அதுக்குப் பெரிய பெரிய பிரஸ் வேணும். ஸ்டாண்டர்டுகிட்ட அது இல்லை. அதனால பழைய வழிக்கே திரும்பினாங்க. அடியில தனியா ஒரு சேசிஸ், அதுமேல சின்னச் சின்ன ஆலைகளில் செஞ்ச துண்டுகளைக் கொண்டுவந்து நட்டு போல்ட்டு போட்டு முடுக்கற மாதிரி ஒரு பாடி. இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிச்செலோட்டி அதுக்கு அழகா ஒரு உருவம் வரைஞ்சு குடுத்தார். 1959 ஏப்ரலில் அங்கே ஹெரால்டு வெளிவந்தது.

வேற வழியில்லாம செஞ்சதுதான். ஆனா அதோட பலனை அறுபது வருஷம் கழிச்சு என்னை மாதிரி கத்துக்குட்டிதான் அனுபவிக்கிறான். ரெண்டு பக்கமும் உள்ள கொக்கியைக் கழட்டி இழுத்தா, மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாத்தோடவும் மொத்த மூஞ்சியும் முன்பக்கமா கவிழ்ந்து திறக்கும். எஞ்சின், ஸ்டீரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கண்ணுக்கு நேரா தெரியும். முன் டயர் மேலயே உட்கார்ந்துகிட்டு வேலை பார்க்கலாம். இப்போ வர்ற கார்ல பானெட்டைத் திறந்தா ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியுது.

அப்படி உட்கார்ந்து நான் கத்துக்கிட்ட முதல் வேலை பாயிண்ட் சுத்தம் பண்றது. காலைல வண்டி ஸ்டார்ட் ஆகாது. செல்ஃப் சுத்தும், எஞ்சின் பிடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, பாயிண்டை எமரி ஷீட்டால லேசா தேய்ச்சு, 15 தௌ, அதாவது 0.015 அங்குலம் இடைவெளி வெச்சேன். சாவியைத் திருப்பினதும் பிடிச்சுது. அன்னிக்கு நான் ஆபீஸுக்கு லீவு போடாததுதான் ஆச்சரியம்.

ரெண்டாவது, மழை பெஞ்சா கால்ல தண்ணி சொட்டும். காரணம் வரலாற்றுல இருக்கு. கூரையும் போல்ட்டு போட்டு மாட்டினதுதான், ஜாயிண்ட்ல உள்ள ரப்பர் காஞ்சு போயிடுச்சு. ரப்பர் மாத்தினேன். முக்கால்வாசி நின்னுது. மீதி கால்வாசிக்கு ஒரு துண்டு போட்டு வெச்சிருக்கேன்.

மூணாவது, லைட்டு ஒரு நாள் எரியும், ஒரு நாள் எரியாது. பல்பை மாத்தினேன், ஒயரை மாத்தினேன், அசையலை. கடைசியில பார்த்தா எர்த். ஒரே கூடா வெல்டு பண்ணின வண்டியில எங்க வேணும்னாலும் எர்த் கிடைக்கும். இங்க தகடுக்கும் தகடுக்கும் நடுவுல துரு ஏறினா கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. தேய்ச்சு, தனியா ஒரு எர்த் ஒயர் இழுத்ததும் சரியாச்சு. ஆக, ரிப்பேரை சுலபமாக்கின அதே நட்டு போல்ட்டுதான் ரிப்பேருக்கும் காரணம்!

இப்படி மூணு நாலு வேலை கைவந்ததும் நமக்கு ஒரு தெனாவெட்டு வந்துடுச்சு. ஒரு நாள் புதுப்பேட்டையில ஒரு பழைய மெக்கானிக் பாய்கிட்ட பேசிட்டிருந்தேன். வயசு எழுபதுக்கு மேல. "வாங்கினதுமே சர்வீஸுக்கு விட்டு எல்லா நிப்பிள்லயும் கிரீஸ் அடிச்சாச்சு பாய், வண்டி ஜம்முனு இருக்கு"ன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழ வெச்சார்.

"கீழ டிரன்னியன்லயுமா தம்பி?"

"ஆமா பாய், அதுலயும்தான்."

"அதுக்கு கிரீஸ் ஆகாது தம்பி. எண்ணெய்தான் ஊத்தணும். ஸ்டீரிங் ஒரு பக்கம் டைட்டா இருக்கா?"

இருந்தது. இடது பக்கம் திருப்பினா கொஞ்சம் கனமா. பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நானே சமாதானம் சொல்லியிருந்தேன்.

"குடும்பத்தை ஏத்தாதீங்க. மெதுவா ஓட்டிட்டுப் போய் கழட்டிப் பாருங்க"ன்னார்.

டிரன்னியன்னா என்ன? முன்சக்கரத்தைத் தாங்கற செங்குத்தான எஃகு தண்டோட கீழ்முனையில மரை வெட்டியிருக்கும். அது ஒரு வெண்கலக் கட்டிக்குள்ள திருகி உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டிதான் டிரன்னியன். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையில தண்டு சுத்தும். வண்டியோட முன்பக்க எடை மொத்தமும் ரெண்டு பக்கமும் அந்த மரைகள் மேலதான். 90 நம்பர் கியர் எண்ணெய் ஊத்தினா மரைக்குள்ள இறங்கும். கிரீஸ் இறங்காது. காஞ்சு கட்டியாகி வழியை அடைக்கும். தண்ணி உள்ள போய் துரு பிடிக்கும். ஒரு நாள், பெரும்பாலும் வண்டியை நிறுத்த மெதுவா வளைக்கும்போது, தண்டு மரையில முறிஞ்சு சக்கரம் மடங்கிடும். மெதுவா போகும்போது முறிஞ்சா அதிர்ஷ்டம்.

அதுக்கு முந்தின வாரம்தான் அம்மாவை உட்கார வெச்சு ஜி.எஸ்.டி. ரோட்டுல செங்கல்பட்டு வரைக்கும் போயிட்டு வந்தேன். அறுபதுல.

கழட்டினேன். ஒரு பக்கம் நேர் மரை, இன்னொரு பக்கம் எதிர் மரை. தெரியாம அரை மணி நேரம் தப்பான பக்கம் திருகி மல்லாடினது தனிக் கதை. வலது பக்கம் பரவாயில்லை. இடது பக்கம் கிரீஸ் கருப்பட்டி மாதிரி இறுகியிருந்தது. துடைச்சுப் பார்த்தா மரையில துரு தின்ன பள்ளம், நகம் மாட்டற அளவுக்கு. தரையில அப்படியே உட்கார்ந்துட்டேன். தங்கமணி எட்டிப் பார்த்து "என்னாச்சு?"ன்னா. "நீ சொன்னது சரிதான், மரைதான்"னேன். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வரலை.

இங்கிலாந்துல ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க இன்னும் நிறைய பேர். அதனால இந்தப் பாகங்களை அங்க புதுசா செஞ்சு விக்கிறாங்க. ரெண்டு பக்கத்துக்கும் வரவழைச்சு, பாயை பக்கத்துல உட்கார வெச்சு நானே மாட்டினேன். இதெல்லாம் எப்படித் தெரியும்னு அவர்கிட்ட கேட்டேன். "கம்பெனி ஆளுங்க சொல்லிக் குடுத்தது. வண்டியோட ஒரு புக்கும் வரும். வண்டி கை மாறும் தம்பி, புக்கு மாறாது"ன்னார்.

யோசிச்சுப் பார்த்தா கம்பெனிக்கும் இது புரிஞ்சிருக்கு. ஹெரால்டோட பின்பக்கம் ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஆடற ஸ்விங் ஆக்ஸில். நம்ம ரோட்டுக்கும் நம்ம ஷெட்டுகளுக்கும் அது ஒத்துவரலை. அதனால 1972-ல் இங்கேயே உருவாக்கின கசெல் காரில் அதை எடுத்துட்டு, அம்பாசிடர் மாதிரி ஒரே இரும்பு ஆக்ஸில் போட்டாங்க. ஹெரால்டுக்கு நாலு கதவு வெச்சதும் இந்த ஊர்க்காரங்கதான், இங்கிலாந்துல அது கிடையாது. கசெல் 1977-ல் நின்னுது. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000-னு ஒரு பெரிய கார் கொண்டு வந்தாங்க. விலை அதிகம், பெட்ரோலும் நிறைய குடிச்சுது. அதுக்குள்ள மாருதி வந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. 1988-ல் கார் உற்பத்தியே முடிஞ்சு போச்சு.

ஆலை மூடினா ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதுன்னுதான் எல்லாரும் கவலைப்படுவாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். பார்ட்ஸ் ஐயாயிரம் மைல் தாண்டி வீடு தேடி வந்துடுச்சு. வராம போனது, "இதுக்கு எண்ணெய்"ங்கிற ஒரு வார்த்தை. அது ஒரு பெரியவர் ஞாபகத்துல, ஒரு டீக்கடையில இருந்தது. நான் அன்னிக்கு பெருமை பீத்திக்காம இருந்திருந்தா அதுவும் கிடைச்சிருக்காது.

அதனால சனிக்கிழமை எண்ணெய் ஊத்தி முடிச்சதும் ஒரு வேலை செஞ்சேன். பானெட்டைக் கவிழ்த்து, உள்பக்கத் தகடுல வெள்ளை பெயிண்ட்டால எழுதி வெச்சிருக்கேன்: "கீழ் டிரன்னியனுக்கு கிரீஸ் வேண்டாம். 90 எண்ணெய் மட்டும்." எனக்கு அப்புறம் யார் வாங்கினாலும் திறந்ததும் கண்ணுல படும்.

எதிர்வீட்டுப் பெரியவர் திரும்பி வரும்போது அதைப் படிச்சுட்டு, "எங்கப்பாகிட்ட ஒண்ணு இருந்துது. ஒரு நாள் சக்கரம் மடங்கிடுச்சு. ரோடு சரியில்லைன்னுதான் நினைச்சோம்"ன்னார்.

பி.கு: பழைய வண்டி வெச்சிருக்கிற மக்களே, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஸ்டாண்டு குடுத்துட்டுப் போங்க.