பிம்ப்ரியின் பெனிஸிலினும் மறைத்து வைத்த நோய்களும்

புனேயிலிருந்து லோணாவளா செல்லும் மின்சார ரயிலில் ஏறி, கட்கி, தாபோடி, காசர்வாடி ஆகிய நிலையங்களைக் கடந்தால் அடுத்து வருவது பிம்ப்ரி. மராட்டிய நாட்டில் வந்து வாழும் நம்மவருக்கு இவ்வழி புதிதன்று. கட்கியிலும் தேஹு ரோடிலும் உள்ள ராணுவத் தளவாடச் சாலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இப்பாதையில் போய் வந்திருக்கின்றன. இன்று பிம்ப்ரி என்றால் மோட்டார்த் தொழிலே பலருக்கு நினைவு வரும். ஆயினும் அவ்வூரை முதன்முதலில் இந்தியா முழுவதும் அறியச் செய்தது மோட்டார் அன்று. ஒரு பூஞ்சைக் காளான். இன்றும் அங்கே 'எச்.ஏ. காலனி' என்று வழங்கும் குடியிருப்பின் பெயரில் அக்கதை ஒளிந்திருக்கிறது. ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்பதன் சுருக்கமே அது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பெனிஸிலின் என்பது கடல் கடந்து வரும் சரக்கு. சுதந்திரம் பெற்ற நம் நாடு அதைத் தானே செய்துகொள்ள விரும்பியது. உலக சுகாதார ஸ்தாபனம் நிபுணர்களை அனுப்பியது. ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதி இயந்திரங்களை உதவியது. 1954 மார்ச்சு 10-ஆம் நாள் கம்பெனி பதிவாயிற்று. 1955-இல் உற்பத்தி தொடங்கிற்று. பெரிய உருக்குத் தொட்டிகளில் சர்க்கரைச் சத்துள்ள கரைசலை நிரப்பி, தூய காற்றை இடைவிடாது செலுத்தி, அதில் பெனிஸிலியம் என்னும் பூஞ்சையை வளர்த்து, அது கசியவிடும் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். தோசை மாவு புளிப்பதற்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு என்று சொன்னால் அறிஞர்கள் கோபிக்கமாட்டார்கள். அங்கே ஆராய்ச்சிப் பகுதியை நடத்திய மைசூர்ப் பக்கத்தவரான திருமலாச்சாரும் அவருடைய தோழர்களும், பூஞ்சை நோய்களைத் தீர்க்கும் ஹாமைசின் என்னும் புதிய மருந்தையே கண்டுபிடித்தார்கள். அது தனியே பேசத் தக்க கதை.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது, அந்தப் பெனிஸிலின் யாரிடமிருந்து எந்தச் சுமையை இறக்கியது என்பதையும், இறக்கிய சுமையை நாம் எவ்வாறு மீண்டும் ஏற்றிக்கொள்கிறோம் என்பதையும் பற்றியே. வெளியே சொல்லக் கூசும் நோய்கள் சில உண்டு. நம் முன்னோர் அவற்றை மேக நோய் என்றனர்; இன்றைய மருத்துவமனைகள் பால்வினை நோய் என்கின்றன. வெட்டை, கிரந்தி என்னும் இரண்டும் அவற்றுள் தலையாயவை. இவை கிருமிகளால் வருபவை. ஆகவே மருந்தால் தீர்பவை.

கிரந்திக்குப் பறங்கி வியாதி என்றொரு பெயரும் உண்டு. போர்ச்சுகீசியர் வந்த காலத்தில் அவர்களோடு வந்ததாக நம்மவர் கருதினர்; 16-ஆம் நூற்றாண்டில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் வடமொழி வைத்திய நூலும் இதனைப் 'பிரங்க ரோகம்' என்றே குறித்தது. பிரெஞ்சுக்காரரை இத்தாலியரும் இத்தாலியரைப் பிரெஞ்சுக்காரரும் பழித்துப் பெயரிட்டதும் இதே நோய்க்குத்தான். பழி எப்போதும் அடுத்த வீட்டுக்கே போகிறது! பறங்கிப்பட்டையும் ரசமும் மருந்தாயின. ரசம் கொடுத்த இடத்தில் பல் ஆடியது, வாயில் உமிழ்நீர் பெருகியது. சில சமயம் நோயைக் காட்டிலும் மருந்தே கொடிதாயிற்று. 1910-இல் ஜெர்மனியின் பால் ஏர்லிக்கும் ஜப்பானியரான ஹாட்டாவும் கண்ட சால்வர்சான் என்னும் பாஷாண மருந்து ஒரு பெரும் முன்னேற்றமே. ஆனால் அவ்வழிச் சிகிச்சையில் ஓராண்டுக்கு மேலும் வாரந்தோறும் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பாதியில் நின்றவர்களே மிகுதி.

வெட்கத்தின் கதை இன்னும் கசப்பானது. ஆங்கிலேயர் தங்கள் சிப்பாய்களைக் காக்க எண்ணி 1864-இல் கன்டோன்மென்ட் சட்டத்தையும், 1868-இல் தொற்று நோய்ச் சட்டத்தையும் இயற்றினர். படைமுகாம்களை அடுத்து வாழ்ந்த பெண்களைப் பெயர் பதிந்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் 'லாக் ஆஸ்பத்திரி' என்னும் இடத்தில் அடைத்தார்கள். ஆண்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. புனேயும் கட்கியும் படைமுகாம்களால் வளர்ந்த ஊர்கள் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். 1888-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால் 'அந்த வியாதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போகும்' என்னும் அச்சம் நீங்கவில்லை. மானத்தைக் காக்க மருந்தை மறைவாக வாங்கும் பழக்கத்துக்கு அப்போதே விதை விழுந்துவிட்டது.

சென்னையில் வேறொரு மரபும் வளர்ந்தது. 1905-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் டோனவன் என்னும் வைத்தியர், இவ்வகைப் புண் ஒன்றின் கிருமியை நுண்பெருக்கியில் கண்டார். அதனால் அந்நோய்க்கு டோனவனோசிஸ் என்று பெயர். பிற்காலத்தில் அதே சென்னையில் ஆர். வி. ராஜமும் பி. என். ரங்கையாவும் மேக நோய் வைத்தியத்தையே வாழ்நாள் பணியாகக் கொண்டார்கள். அவர்கள் டோனவனோசிஸ் பற்றி எழுதிய நூலை உலக சுகாதார ஸ்தாபனம் 1954-இல் வெளியிட்டது. பிம்ப்ரிக் கம்பெனி பதிவான அதே ஆண்டு. சுவர்களிலும் பத்திரிகைகளிலும் 'ரகசிய வியாதிகளுக்கு'ச் சஞ்சீவி மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மாய மருந்துச் சட்டம் நிறைவேறியதும் அந்த ஆண்டுதான். அந்த ஓராண்டில் மருந்தும் அறிவும் சட்டமும் ஒன்றாக வந்து நின்றன. விளம்பரங்கள் மட்டும் இன்னும் முற்றாக மறையவில்லை.

பெனிஸிலின் கிரந்தியைத் தீர்க்கும் என்று 1943-இல் காட்டியவர் அமெரிக்காவின் ஜான் மகோனி. நான்கு நோயாளிகளுக்கு, இரவும் பகலும் நான்கு மணிக்கு ஒருமுறையாக, எட்டு நாளில் 48 ஊசிகள் போட்டார். இத்தனை ஊசிகள் எதற்கு? கிரந்திக் கிருமி மிக மந்தமானது. ஒன்று இரண்டாவதற்கு ஒரு நாளைக்கு மேலும் ஆகும். பெனிஸிலினோ கிருமி பெருகும் வேளையில்தான் அதைக் கொல்லும். ஆகவே பல நாள் இடைவிடாமல் இரத்தத்தில் மருந்து இருந்தாக வேண்டும். சாதாரணப் பெனிஸிலினோ சில மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். இந்தச் சங்கடத்தை 1950-களில் வந்த பென்சத்தீன் பெனிஸிலின் தீர்த்தது. பிட்டத்துச் சதையில் ஒருமுறை போட்டால் இது சிறுகச் சிறுகக் கரைந்து, இரண்டு வாரத்துக்கு மேலும் இரத்தத்தில் தங்கும். 48 ஊசிகள் ஒன்றாயின. தொடக்க நிலைக் கிரந்திக்கு இன்றும் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை. நாட்பட்டதற்கு வாரம் ஒன்றாக மூன்று தடவை. எந்த நிலை என்பதை இரத்தப் பரிசோதனையும் வைத்தியரும்தான் சொல்ல முடியும்.

எண்பது ஆண்டுகள் கழிந்தும் கிரந்திக் கிருமி பெனிஸிலினை எதிர்க்கக் கற்கவில்லை. வெட்டைக் கிருமியின் வரலாறு நேர்மாறானது. அது விரைந்து பெருகும். பிற கிருமிகளிடமிருந்து எதிர்ப்புத் திறனைக் கடன் வாங்கிக்கொள்ளும். 1930-களின் இறுதியில் சல்ஃபா மருந்துகளுக்கு அடங்கியது. சில ஆண்டுகளிலேயே மீறியது. பெனிஸிலினுக்கு அடங்கியது, ஆனால் பத்தாண்டுக்குப் பத்தாண்டு அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. 1976-இல் பெனிஸிலினையே சிதைத்துவிடும் வெட்டைக் கிருமிகள் தென்பட்டன. பிறகு டெட்ராசைக்கிளின் போயிற்று, சிப்ரோஃப்ளாக்சசின் போயிற்று. அமெரிக்காவில் 2007-இல் அவ்வகை மருந்துகளை வெட்டைக்குக் கொடுப்பதையே கைவிட்டனர். 2018-இல் இங்கிலாந்தில் ஒரு நோயாளியிடம், கடைசி அரணாக வைத்திருந்த செஃப்ட்ரியாக்சோனும் அசித்ரோமைசினும் சேர்ந்தும் தோற்றன. அலெக்ஸாந்தர் ஃப்ளெமிங் 1945-இல் நோபெல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். அவர் சொன்ன உதாரணத்தில், ஒருவர் தொண்டை வலிக்குத் தாமே பெனிஸிலின் வாங்கிப் போதாத அளவில் உட்கொள்கிறார். கிருமி சாகாமல் பாடம் கற்றுக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்ற, அவளுக்கு மருந்து பலிக்காமல் போகிறது.

ஃப்ளெமிங்கின் உதாரணம் தொண்டை வலி. நம்முடைய நோய்க்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். ஊரை விட்டு வந்து, கட்கியிலோ சிஞ்ச்வடிலோ நால்வரோடு அறை பகிர்ந்திருக்கும் ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். சிறுநீர் எரிகிறது, சீழ் வடிகிறது. மொழி தெரியாத ஊர்; யாரிடம் கேட்பது? மருந்துக் கடையில் கைகாட்டிக் கேட்டு நான்கு மாத்திரை வாங்குகிறார். இரண்டு நாளில் எரிச்சல் தணிகிறது. மிச்ச மாத்திரை பெட்டியில் கிடக்கிறது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிறார். பாதி செத்த கிருமிகளும் கூடவே போகின்றன. வேறொருவருக்கு வலியில்லாத சிறு புண் தோன்றிச் சில வாரத்தில் தானே ஆறிவிடுகிறது. கிரந்தியின் வஞ்சனையே அதுதான்; மருந்தில்லாமலும் முதற்புண் ஆறும், ஆனால் கிருமி உள்ளே தங்கும். இடையில் சூரணம் கொடுத்தவருக்கு இலவசமாகப் புகழ் கிடைக்கிறது. பல ஆண்டு கழித்து இருதயத்தையோ மூளையையோ அது தாக்கும்போது சூரணக்காரரை எவரும் தேடுவதில்லை.

மனைவியரின் நிலை பற்றிப் புனேயிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. பிம்ப்ரிக்கு அண்மையில் போசரியில் அமைந்த தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள், 1993 முதல் 1996 வரை இந்நகரத்துப் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கு வந்த பெண்களை ஆராய்ந்தார்கள். பாலியல் தொழிலில் இல்லாத 391 பெண்களுள் நூற்றுக்கு 13.6 பேருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. மணமானவர்கள், கணவனன்றி வேறு எவரையும் அறியாதவர்கள் அவர்களுள் பெரும்பாலோர். மேக நோயினால் உண்டாகும் புண்ணும் புரையும் எச்.ஐ.வி. நுழைய வாயில் திறந்துவிடுகின்றன. ஆகவே ஒருவருக்குச் சிகிச்சை என்றால் இருவருக்கும் சிகிச்சை என்பதே இத்துறையின் முதல் விதி. கணவன் மட்டும் மருந்துண்டால் ஒரு வாரத்தில் நோய் திரும்ப அவனிடமே வந்து சேரும். சிகிச்சை முடிந்த பின்னும் ஏழு நாள் இருவரும் விலகி இருக்க வேண்டும்.

மருந்தைப் பத்திரமாகக் கையாளும் முறையில் இன்னும் சில உண்டு. பெனிஸிலின் சிலருக்கு ஒவ்வாது. அரிதாகச் சிலருக்கு மூச்சடைத்து உயிருக்கே ஆபத்தாகும். முன்பு எந்த ஊசியிலாவது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அட்ரினலின் தயாராக உள்ள இடத்தில்தான் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது பெரிய தண்டனை. கிரந்திக்கு ஊசி போட்ட அன்று சிலருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். கிருமிகள் கூட்டமாகச் சாவதன் விளைவு அது. ஒவ்வாமை அன்று, ஒரு நாளில் தணியும். ஆனால் மூச்சு முட்டினாலோ உடம்பு தடித்தாலோ உடனே வைத்தியரை அணுக வேண்டும். டாக்ஸிசைக்கிளின் மாத்திரையைக் கோப்பை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாய் புண்ணாகும். கர்ப்பிணிகளுக்கு அம்மாத்திரை ஆகாது. கர்ப்பிணிக்குக் கிரந்தி இருந்தால் தாயையும் சேயையும் காக்கும் என்று நம்பத்தக்க மருந்து பெனிஸிலின் ஒன்றே. ஆகவே கருவுற்றவுடன் இரத்தத்தில் இதற்கான சோதனையைச் செய்துகொள்வது நல்லது. நீர்க் கொப்புளமாக வரும் ஹெர்ப்பிஸ் போன்றவை வேறு இனத்தவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் எதுவும் பயன்படாது.

செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்னும் விதி 2014 முதல் நடப்பில் உள்ளது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; போகுமிடம் தெரிந்தால் பதுங்க வேண்டியதில்லை. அரசாங்க மருத்துவமனைகளில் 'சுரக்ஷா' என்னும் பெயரால் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்கள் உள்ளன. நம் தமிழ்நாட்டில் அவற்றையே 'சுகவாழ்வு மையம்' என்கிறார்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். செய்தி வெளியே போகாது. புனேயில் ஸஸூன் பொது மருத்துவமனையில் கேட்டால் வழி காட்டுவார்கள். மராட்டி வராவிட்டால் உடைந்த இந்தியிலாவது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இதற்கு முன் என்ன மாத்திரை, எத்தனை நாள் உட்கொண்டோம் என்பது. சீட்டோ காலி அட்டையோ கையில் இருந்தால் மொழியே தேவைப்படாது. பிறகு ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் கிரந்திக்கான இரத்தப் பரிசோதனைக்குத் திரும்ப வர வேண்டும். இடையில் ஊர் மாற நேர்ந்தால் சிகிச்சைச் சீட்டைக் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும்.

பிம்ப்ரியின் கதை என்னவாயிற்று? சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த பெனிஸிலினோடு போட்டியிட முடியாமல் நம் நாட்டுத் தொட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பல ஆண்டு இடைவெளிக்குப் பின், 2024-இல் ஆந்திரத்துக் காக்கிநாடாவில் பெனிஸிலின் மூலப்பொருளைச் செய்யும் பெரிய ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. இடையே 2014 முதல் சில ஆண்டுகள் உலகின் பல நாடுகளில் பென்சத்தீன் பெனிஸிலினுக்கே தட்டுப்பாடு வந்தது. லாபம் சொற்பம் என்று செய்வோர் குறைந்திருந்ததே அதற்குக் காரணம். அந்நாட்களில் பிரேசிலில் கர்ப்பிணிகளுக்கும் மருந்து போதாமல் வைத்தியர்கள் திண்டாடினார்கள்.