ஈஸ்டுக்குள் மனித மரபணு: பன்னுக்கும் நமக்கும் உள்ள 100 கோடி ஆண்டு உறவு தெரியுமா?

ஜோலார்பேட்டை ஜங்ஷனில் டீயோடு சாப்பிடும் பன்னை உப்ப வைப்பது ஈஸ்ட். கண்ணுக்குத் தெரியாத, ஒரே ஒரு செல் கொண்ட பூஞ்சை. அது உயிர்வாழத் தேவையான ஒரு மரபணுவை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் மனித மரபணுவை வைத்தால் என்ன ஆகும்?

செத்துப் போகும் என்றுதான் தோன்றும். ஆனால் சோதித்துப் பார்த்த மரபணுக்களில் கிட்டத்தட்ட பாதியில் ஈஸ்ட் பிழைத்துக்கொண்டது!

யார் செய்த ஆய்வு?

2015 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் இந்த ஆய்வு வெளியானது. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில், எட்வர்ட் மார்கோட் ஆய்வகத்தில் நடந்தது. ஆய்வுக் கட்டுரையின் முதல் பெயர் ஆஷிக் கச்ரூ. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்தவர். பின்னர் கனடாவின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கினார்.

இதற்கு முன்னோடியும் உண்டு. செல் இரண்டாகப் பிரிவதைக் கட்டுப்படுத்தும் மனித மரபணு, ஈஸ்டிலும் அதே வேலையைச் செய்யும் என்று மெலனி லீ, பால் நர்ஸ் இருவரும் 1987-ல் காட்டினார்கள். செல் பிரிதல் பற்றிய ஆய்வுகளுக்காக நர்ஸுக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எப்படிச் சோதித்தார்கள்?

ஈஸ்டில் சுமார் 6,000 மரபணுக்கள், மனிதரில் சுமார் 20,000. இரண்டிலும் ஜோடியாக இருக்கும், ஈஸ்ட் உயிர்வாழ அவசியமான 414 மரபணுக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக:

* ஈஸ்டின் சொந்த மரபணுவை வேலை செய்யவிடாமல் நிறுத்தினார்கள்
* அதற்கு ஜோடியான மனித மரபணுவை உள்ளே கொடுத்தார்கள்
* ஈஸ்ட் வளர்கிறதா, சாகிறதா என்று பார்த்தார்கள்

முடிவு: 47 சதவீத மரபணுக்களில் மனித மரபணு வேலையை எடுத்துக்கொண்டது. மனிதனும் ஈஸ்டும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து சுமார் 100 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு காலம் கழித்தும் உதிரி பாகம் பொருந்துகிறது!

மீதி பாதி ஏன் பொருந்தவில்லை?

இங்கேதான் சுவாரஸ்யமே. இரண்டு மரபணுக்களும் எழுத்துக்கு எழுத்து எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும் வைத்து முடிவைச் சொல்ல முடியவில்லை. அந்தப் புரதம் எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து வேலை செய்கிறது என்பதுதான் முக்கியமாக இருந்தது.

ஆம்பூர் ஷூ கம்பெனியை நினைத்துப் பாருங்கள். மேல்பாகம், சோல் எல்லாம் தனித்தனியாகத் தயாராகி, கடைசியில் ஒன்று சேரும். அளவு சரியாக இருந்தால் வேறு கம்பெனி சோலும் பொருந்தும். அளவு மாறிப்போனால் எவ்வளவு தரமான சோலாக இருந்தாலும் உதவாது.

புரதங்களும் அப்படித்தான். பழுதான புரதங்களை உடைத்துத் தள்ளும் புரோட்டியசோம் என்ற 'இயந்திரத்தின்' பாகங்கள் பெரும்பாலும் பொருந்தின. கொழுப்பு வகைப் பொருளான ஸ்டீராலைத் தயாரிக்கும் வரிசையும் அப்படியே. ஆனால் டிஎன்ஏ-வை நகல் எடுக்கத் தொடங்கும் கூட்டத்தின் பாகங்கள் தோற்றுப்போயின. அதாவது, பரிணாமத்தில் ஒரு கூட்டம் மாறாமல் இருந்தால் மொத்தமாக இருக்கிறது. மாறினால் சேர்ந்தே மாறுகிறது.

நமக்கு என்ன பயன்?

ஜோலார்பேட்டை, வாணியம்பாடி பக்கம் குழந்தைக்கு அரிய நோய் என்று சந்தேகம் வந்தால், பலரும் வேலூர் சிஎம்சி-க்குத்தான் ஓடுவார்கள். சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் கூடுதல். அம்மா, அப்பா இருவரிடமும் ஒரே பழுதான மரபணு இருக்கும் வாய்ப்பு அங்கே அதிகம்.

மரபணு பரிசோதனை செய்தால், சில நேரம் 'மாற்றம் இருக்கிறது, ஆனால் அது நோய் தருமா என்று தெரியாது' என்று ரிப்போர்ட் வரும். பெற்றோருக்கு அதைவிடக் குழப்பம் வேறில்லை. அங்கேதான் ஈஸ்ட் கைகொடுக்கிறது. அதே மாற்றம் உள்ள மனித மரபணுவை ஈஸ்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். நன்றாக வளர்ந்தால் அந்த மாற்றம் பெரும்பாலும் தீங்கில்லாதது. தடுமாறினால் சந்தேகம் வலுக்கிறது.

ஹோமோசிஸ்டினூரியா என்ற பிறவி நோய் ஓர் உதாரணம். கண் லென்ஸ் நழுவுதல், ரத்தம் உறைதல் போன்ற சிக்கல்களைத் தரும் நோய் இது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜாஸ்பர் ரைன் குழு, இதற்குக் காரணமான சிபிஎஸ் மரபணுவின் 84 மாற்றங்களை ஈஸ்டில் சோதித்து 2012-ல் வெளியிட்டது. சில மாற்றங்களில் வைட்டமின் பி6 கூடுதலாகக் கொடுத்ததும் மரபணு மறுபடி வேலை செய்தது. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவர்கள் கொடுப்பதும் இதே பி6 தான்.

இது மனிதனும் ஈஸ்டும் கலந்த உயிரா?

இல்லை. ஆயிரக்கணக்கான மரபணுக்களில் ஒன்று மாறினாலும் ஈஸ்ட் ஈஸ்ட்தான்.

அதே நேரம் இதற்கு எல்லையும் உண்டு. ஈஸ்டுக்கு மூளை, இதயம், ரத்தம் கிடையாது. ஈஸ்டில் ஜோடியே இல்லாத மனித மரபணுக்களும் ஏராளம். எனவே ஈஸ்ட் தருவது ஒரு துப்பு மட்டுமே. நோயை உறுதி செய்ய வேண்டியது மருத்துவரும் மரபணு ஆலோசகரும்தான்.