முகம் பார்க்க என்ன விலை?

ஸ்கைப்பை மூடப்போகிறோம் என்று 2025 பெப்ரவரி 28ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் அறிவித்தபோது, எங்கட வீட்டில் அதைப் பெரிய செய்தியாக எடுத்தது அம்மம்மா மட்டும்தான். "அப்ப தம்பியின்ர முகத்தை இனி என்னண்டு பாக்கிறது?" என்று கேட்டா. தம்பி என்றது ஜேர்மனியில் இருக்கிற என்ர மாமாவை. அவருக்கே அறுபது தாண்டிவிட்டது. மற்ற எல்லாரும் எப்பவோ வட்ஸ்அப்புக்குப் போய்விட்டோம். மாமாவும் அம்மம்மாவும் மட்டும் ஞாயிறு பின்னேரம் பழைய லப்டொப்பில் ஸ்கைப்பை விடாமல் வைத்திருந்தார்கள். மே 5ஆம் திகதிக்கு முதல், "செலவு குறைஞ்ச ஒண்டைப் பாத்துப் போட்டுக் குடு" என்ற பொறுப்பு என்ர தலையில் விழுந்தது.

இரண்டு நாளில் முடியவேண்டிய வேலை. நான் கலைப்பீட மாணவர், அதனால் முடியவில்லை. எது மலிவு என்று தேடப்போனால், மலிவு யாருக்கு, அதை யார் தீர்மானித்தது என்ற கேள்விகள் வந்து நின்றன. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி இருக்கிற வீடுகளுக்கு அந்தக் கேள்விகள் நாற்பது வருடப் பழசு.

மாமா போனது 1985இல். 83 கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்ட பலரைப்போல அவரும் கிழக்கு பெர்லினில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்குப் போனவர். மேற்கு அந்த எல்லையைத் தன்னுடைய எல்லையாகவே ஏற்றுக்கொள்ளாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. அடுத்த வருடமே அந்த வழியை அடைத்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்த செய்தி கடிதமாகத்தான் வந்தது. பிறகு கசெட். ஒரு பக்கம் மாமாவின் குரல், மறுபக்கம் அம்மம்மாவின் பதில். கசெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, நாடா சுருண்டு, பென்சிலை விட்டுச் சுற்றிச் சரிசெய்த கதையெல்லாம் அம்மா சொல்லுவா.

இதில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் தருகிற ஒரு விசயம் இருக்கிறது. அதே 1980களில் ஜேர்மனியின் டொய்ச்ச வெலே வானொலி தன் அஞ்சல் நிலையமொன்றைத் திருகோணமலையில் நிறுவியது. கிட்டத்தட்ட மூன்று தசாப்தம் அந்தக் கோபுரங்கள் ஜேர்மனியின் குரலை ஆசியா முழுக்க அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு நாடே எங்கட ஊரில் வந்து நின்று கதைத்தது. அந்த நாட்டில் இருந்த மாமாவோடு ஐந்து நிமிசம் கதைக்க எங்களுக்கு வழி இல்லை.

தொண்ணூறுகளில் 'கொமினிகேஷன்' வந்தது. எங்கட வயதுக்காரருக்கு இந்தச் சொல்லை விளங்கப்படுத்த வேண்டும். போன் இல்லாத வீடுகளுக்காக, பலகையால் தடுத்த இரண்டு மூன்று கூண்டுகளும், நேரம் காட்டுகிற பெட்டி ஒன்றும் வைத்த கடை அது. வெளிநாட்டிலிருந்து கோல் வந்தால் கடைப் பெடியன் சைக்கிளில் வந்து சொல்லுவான். வரும் கோலுக்கும் கடைக்காரர் ஒரு தொகை எடுப்பார். நாங்கள் அங்கே எடுப்பதென்றால், அம்மப்பாவின் ஒரு நாள் கூலி இரண்டு நிமிசத்தில் முடியும் என்பது அம்மா சொல்லும் கணக்கு. அதனால் முன்கூட்டியே ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு போவார்களாம். அம்மம்மா தாளைப் பார்க்காமல் அழத் தொடங்கினால் காசு போச்சு.

முகம் பார்க்கிற வசதி அப்போது உலகில் இல்லாத ஒன்று என்று நினைக்க வேண்டாம். 1936இலேயே ஜேர்மன் தபால்துறை பெர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே படத்தொலைபேசிச் சேவை நடத்தியது. இரண்டு நகரத்திலும் தபால்துறையின் கூண்டுக்குள் போய் இருந்து, மூன்று நிமிசத்துக்கு மூன்றரை மார்க் கட்டி, எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கலாம். அதுவும் ஒரு கொமினிகேஷன்தான். யுத்தம் வந்ததும் 1940இல் நின்றது. அமெரிக்காவில் ஏ.டி.அன்ட்.டி நிறுவனம் 1964இல் நியூயோர்க், வொஷிங்டன், சிக்காகோ நகரங்களில் 'பிக்சர்போன்' கூண்டுகளைத் திறந்தது. நியூயோர்க்கிலிருந்து வொஷிங்டனுக்கு முதல் மூன்று நிமிசம் 16 டொலர். 1970இல் பிட்ஸ்பேர்க்கில் அலுவலகங்களுக்கு மாதம் 160 டொலருக்குக் கொடுத்தார்கள், அதில் 30 நிமிசம் மட்டும் இலவசம். ஆட்கள் வாங்கவில்லை. விலை ஒரு காரணம். இன்னொன்று, எதிர்ப்பக்கத்திலும் அதே கருவி வேண்டும். இரண்டாவது காரணம் இன்றைக்கும் மாறவில்லை. நீங்கள் என்னதான் நல்ல செயலியைத் தெரிவுசெய்தாலும், உங்கட ஆளிடம் அது இல்லையென்றால் அது வெறும் ஐகொன்.

எங்கட பக்கத்தில் விலை இறங்கினதுக்குத் தொழில்நுட்பத்தை விடச் சட்டம்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஸ்ரீலங்கா ரெலிகொம் 1997இல் பகுதியளவில் ஜப்பானின் என்.ரி.ரி நிறுவனத்துக்கு விற்கப்பட்டபோது, சர்வதேச அழைப்புகளுக்கான ஏகபோக உரிமையும் ஐந்து வருடத்துக்குக் கொடுக்கப்பட்டது. 2002 ஓகஸ்டில் அது முடிந்து, அடுத்த வருடம் பல நிறுவனங்களுக்கு வெளிநாட்டு அழைப்பு அனுமதி கிடைத்த பிறகு கட்டணம் சரிந்தது. ஆழ்கடல் கேபிள்கள் வேறு கதை. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று நாங்கள் பெருமைப்படுகிறோம். ஆனால் ஸீ-மீ-வீ 3 கரையேறியது கல்கிசையில், 4 கொழும்பில், 5 மாத்தறையில். எங்கட கோல் ஜேர்மனிக்குப் போக முதலில் தீவைக் குறுக்காகக் கடக்க வேண்டும்.

ஸ்கைப் 2003 ஓகஸ்டில் வந்தது, வீடியோ 2006இல். அது ஏன் இலவசம் என்று யாரும் அப்போது கேட்கவில்லை. எஸ்தோனியாவில் அதை எழுதிய பொறியியலாளர்கள் அழைப்பைப் பெரிய தொலைபேசி நிலையங்கள் ஊடாக அனுப்பாமல், பாவனையாளர்களின் கணினிகளையே ஒன்றோடொன்று இணைத்து அனுப்பினார்கள். சுருக்கமாகச் சொன்னால், எங்கட கணினியும் மின்சாரமும் இணைய இணைப்பும்தான் அவர்களுடைய தொலைபேசி நிலையம். அந்தச் செலவு தனி பில்லாக வராததால் எங்களுக்கு அது தெரியவில்லை.

எனக்கு முதல் நினைவு 2009 அளவில், டவுனில் ஒரு நெட் கபே. எனக்கு ஆறு வயது. ஒரே ஹெட்போனை அம்மம்மா ஒரு காதிலும் அம்மா மறுகாதிலும் வைத்திருக்க, திரையில் மாமா கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வந்தார். 24 வருடத்துக்குப் பிறகு அம்மம்மா அவரை அசையப் பார்த்தது அன்றைக்குத்தான். "தலைமயிர் எங்கயடா?" என்பதுதான் முதல் கேள்வி. ஐந்து வருடம் கழித்து அம்மப்பா செத்தபோது மாமாவால் வர முடியவில்லை. முற்றத்தில் ஒரு கதிரையில் லப்டொப்பை வைத்து, டொங்கிளைக் குத்தி, கிரியை முடியும்வரை ஸ்கைப்பைத் திறந்து வைத்திருந்தோம். டேட்டா முடியும்போதெல்லாம் சித்தப்பா சந்திக் கடைக்கு ஓடி ரீலோட் காட் வாங்கிவந்தார். அம்மம்மாவுக்கு ஸ்கைப் ஏன் வெறும் செயலி இல்லை என்று இப்ப விளங்கும்.

பிறகு ஸ்மார்ட்போன். வைபர் 2010 கடைசியில் வந்தது. வட்ஸ்அப்பில் வீடியோ 2016 நவம்பரில்தான். எங்கட சொந்தக்காரரில் கனடாவில் இருப்பவர்கள் வைபர் என்றார்கள், நாங்கள் வைபர் போட்டோம். லண்டன்காரர் வட்ஸ்அப் என்றார்கள், அதையும் போட்டோம். போனை அனுப்பியதும் அவர்கள்தான். எது வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

அந்தப் பக்கம் தீர்மானிப்பது என்றால் உண்மையில் என்ன என்று எனக்கு விளங்கியது மூதூர்த் தோழி ஒருத்தியால். கொட்டியாரக் குடாவின் அந்தக் கரையில் பல வீடுகளில் உம்மாமார் வளைகுடாவில். அவளுடைய உம்மா 2016இல் அபுதாபிக்கு வீட்டு வேலைக்குப் போனவர். எங்கட வீட்டில் எல்லாரும் வட்ஸ்அப்பில் முகம் பார்க்கத் தொடங்கின அதே காலம். அவளுக்கு வட்ஸ்அப்பில் எழுத்து வரும், குரல் பதிவு வரும், கோல் மட்டும் போகாது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் இணையவழி அழைப்புகளுக்கு அனுமதிபெற்ற சேவைகள் மட்டும்தான் பாவிக்கலாம். 2018 ஜனவரியில் அங்கத்தைய எடிசலாட் நிறுவனம் பொட்டிம் போன்ற செயலிகளுக்கு மாதம் 50 திர்ஹம் பொதியை அறிமுகப்படுத்தியது. வீட்டு வேலைக்காரிக்கு 50 திர்ஹம் சின்னக் காசு இல்லை. விபிஎன் போட்டுக் கதைக்கலாமே என்றால், அங்கே 2016இல் திருத்திய சட்டத்தின்படி குற்றம் ஒன்றைச் செய்ய அல்லது மறைக்க அப்படிப் பாவித்தால் தண்டம் 5 இலட்சம் திர்ஹத்தில் தொடங்குகிறது. எது குற்றம் என்று எந்த உம்மா சட்டத்தரணியிடம் கேட்டுக்கொண்டிருப்பா?

சவூதி 2017 செப்டெம்பரில் இந்தத் தடையைத் தளர்த்தியது. அதனால் சவூதியில் உம்மா இருக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் முகம் பார்த்தார்கள். இவள் பார்க்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். கடைசியில் பொட்டிம் போட்டார்கள். காசு மட்டும் பிரச்சினை இல்லை என்றாள். வீட்டுக்காரி வைஃபை கடவுச்சொல் கொடுப்பது வெள்ளிக்கிழமை மட்டும். "உம்மாட முகம் எங்களுக்கு வாரத்தில ஒருநாள்தான், அதுவும் குசினிச் சுவர்தான் கூடத் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தாள். எது மலிவான சேவை என்ற என்ர கேள்வி அந்த வீட்டில் கேட்கவே முடியாத கேள்வி.

தடை வளைகுடாவில் மட்டும் என்றும் இல்லை. 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போது இங்கேயும் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் ஒரு வாரமளவில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு திரும்பவும். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துச் செய்தி கேட்டு உலகம் முழுக்க இருந்த எங்கட ஆட்கள் கோல் எடுக்க, ஒன்றும் போகவில்லை. கடைசியில் மாமா பழைய லேன்ட்லைனுக்கு அடித்தார். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கோடு இன்னொரு தடவை. அன்றிலிருந்து அப்பா லேன்ட்லைனை வெட்டவிடுவதில்லை. நான் அவரைப் பழைய ஆள் என்று பகிடி பண்ணுவேன், ஆனால் இந்த விசயத்தில் அவர் சரி.

டேட்டாக் கணக்கை நான் படித்தது 2020இல். கொரோனாவோடு வகுப்புகள் சூமுக்குப் போயின. பல்கலைக்கழகங்களுக்கு லேர்ன் வலையமைப்பு ஊடான சூம் வகுப்புகளுக்கு டேட்டாக் கட்டணம் இல்லாமல் செய்தார்கள், ஆனால் நான் அப்போது பள்ளிக்கூடம். எங்களுக்குக் கைக்காசு. சூம் நிறுவனம் இருவர் பேசும் தெளிவான வீடியோவுக்குப் போக 600, வர 600 கிலோபிட் வேகம் வேண்டும் என்கிறது. கணக்குப் போட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 540 எம்பி. வெறும் குரல் என்றால் ஏறத்தாழ 70 எம்பி. ஞாயிறுக்கு ஒரு மணித்தியாலம் வீடியோ என்றால் மாதம் இரண்டு ஜிபிக்கு மேல். செயலி இலவசம்தான், சந்திக் கடையில் ரீலோட் இலவசம் இல்லை. சில சமூக ஊடகப் பொதிகளில் செய்திக்கு மட்டும் சலுகை, கோலுக்கு வேறாக வெட்டும். வாங்க முதல் அந்தச் சின்ன எழுத்தை வாசியுங்கோ.

இவ்வளவும் பார்த்துவிட்டு அம்மம்மாவுக்கு நான் போட்டுக்கொடுத்தது சாதாரண வட்ஸ்அப்தான், அம்மாவின் போனில், வீட்டு ரவுட்டரில். டேட்டாவில் எடுப்பதென்றால் முதல் இரண்டு நிமிசம் முகம், பிறகு கமராவை நிறுத்திவிட்டுக் குரல் மட்டும். அமைப்புக்குள் அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவை இயக்கிவிட்டேன். எல்லாரும் சேருகிற பிறந்தநாளுக்குக் கூகுள் மீட், ஏனென்றால் சூமின் இலவசக் கூட்டம் 40 நிமிசத்தில் வெட்டும், மீட் ஒரு மணித்தியாலம் விடும். அந்த 20 நிமிசத்தில்தான் எங்கட ஆட்கள் "சரி வைக்கப்போறன்" என்று சொல்லத் தொடங்குவார்கள்.

மாமாவின் மகள் வட்ஸ்அப் பாவிப்பதில்லையாம், சிக்னல்தானாம். அதையும் போட்டேன். சிக்னல் பின் இலக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும், அம்மம்மா அதைக் கலண்டரில் சித்திரை மாதத் தாளில் எழுதி வைத்திருக்கிறா. கோடைகாலத்தில் நேர வித்தியாசம் மூன்றரை மணித்தியாலம். பின்னேரம் ஆறரைக்கு அவர்களுக்குப் பிற்பகல் மூன்று. ஐந்தரைக்கே அம்மம்மா முகம் கழுவிப் பவுடர் போட்டு, லப்டொப் இருந்த மேசைக்கு முன்னால் போய் இருந்துவிடுவா. போன் அம்மாவின் கையில் குசினியில் இருக்கும்.